இடம் மாற்றி வைத்த ஏணி

பார்சல் நிறுவனத்தின் பெண்கள் கூடைப்பந்து அணிக்கு அவளைத் தேர்ந்தெடுத்த செய்தி வந்தபோது வீட்டில் யாரும் ஆச்சரியப்படவில்லை. இந்த உயரத்தை வைத்துக்கொண்டு இவள் என்ன செய்யப் போகிறாளோ என்று வருஷக்கணக்காகக் கவலைப்பட்ட சொந்தக்காரர்கள் மட்டும் வாயை மூடிக்கொண்டார்கள். பள்ளியில் அவளுக்கு வைத்த பட்டப்பெயர் ஏணி. அதில் அவளுக்கு வருத்தம் எதுவும் இல்லை. ஏணி என்றால் உடனே திரும்பிப் பார்ப்பாள். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால்தான், யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நடந்துகொண்டே இருப்பாள்.

நடப்பது அவளுக்குச் சாப்பாடு மாதிரி. சாப்பாட்டையே நடந்துகொண்டுதான் சாப்பிடுவாள். பஸ்ஸில் இடம் காலியாக இருந்தாலும் நின்றுகொண்டுதான் போவாள். ஓரிடத்தில் அடங்கி நின்றாள் என்றால் அது ஒரே ஒரு இடத்தில்தான், கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே. அவள் ஃபார்வர்டு. மற்றவர்கள் எறிந்து தவறவிட்ட பந்தை எம்பிப் பிடித்து உள்ளே போடுவது அவள் வேலை. வளையத்தைச் சுற்றி இரண்டு கை தூரத்தைத் தாண்டி மைதானத்தில் என்ன நடக்கிறது என்று, உண்மையைச் சொன்னால், அவள் அக்கறைப்பட்டதே கிடையாது. பந்து எப்படியோ வரும், யாரோ கொண்டு வருவார்கள். குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது, அதை மேலே ஏற்றியது யார் என்று யார் விசாரிக்கிறார்கள்?

காலையில் பார்சல் பிரிக்கும் கூடத்தில் வேலை. பெல்ட்டில் வரும் பெட்டிகளை ஸ்கேனரால் தொட்டு, அந்தந்த ஊருக்கான தள்ளுவண்டியில் போட வேண்டும். மாலையில் கிடங்குக்குப் பின்னால் இருந்த சிமெண்டு மைதானத்தில் பயிற்சி. தங்குவதற்கு இரண்டு பேருக்கு ஓர் அறை. சீசன் முடியும்வரை வேலை தற்காலிகம். ஆட்டம் பிடித்துப்போனால் நிரந்தரம், இல்லையென்றால் அறைச் சாவியையும் அடையாள அட்டையையும் கொடுத்துவிட்டு வீட்டைப் பார்க்க நடையைக் கட்ட வேண்டியதுதான். சீருடைக் கடையில் தையல் மெஷினில் உட்காரும் அவள் அம்மா, மகளுக்கு வேலை கிடைத்துவிட்டது என்று தெரு முழுக்கச் சொல்லி முடித்திருந்தாள். தற்காலிகம் என்ற சொல்லை மட்டும் வசதியாக விட்டுவிட்டாள்.

முதல் நாள் பயிற்சியிலேயே குண்டு விழுந்தது. அணியில் உயரமான பெண்கள் ஏற்கெனவே மூன்று பேர் இருந்தார்கள். மைதானத்தின் அந்தக் கோடியிலிருந்து பந்தைத் தட்டிக்கொண்டு வந்து, யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்கிற ஆள்தான் இல்லை. அந்த இடத்துக்கு பாயிண்ட் கார்டு என்று பெயர். அங்கே ஆடியவள் முழங்கால் போய் வேலையையே விட்டுவிட்டாள். பயிற்சியாளரை எல்லாரும் மாஸ்டர் என்பார்கள். அவர் வரிசையாக எல்லார் முகத்தையும் பார்த்தார். கடைசியில் இவளிடம் வந்து, இனிமேல் நீதான் பந்தை எடுத்து வர வேண்டும் என்றார்.

பெண்கள் சிரித்தார்கள். இவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள். சிரிக்காதவர் மாஸ்டர் ஒருவர்தான்.

மாஸ்டரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். நம்பிக்கையூட்டும் பேச்சு என்பது அவர் வாயில் வராது. ஏன் என்னை என்று அவள் கேட்டதற்கு, உனக்குள் ஒரு திறமை ஒளிந்திருக்கிறது என்று ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம். "ஆள் இல்ல. இருக்கறவங்கள்ல உன் கை கொஞ்சம் பரவாயில்ல" என்றார், அவ்வளவுதான். அந்தப் 'பரவாயில்லை' அவளை அரிக்கத் தொடங்கியது. வளையத்தடியில் விட்டால் கண்ணை மூடிக்கொண்டு நிரந்தரம் வாங்கிவிடுவாள். இந்த மனிதர் அவளைத் தோற்கவென்றே ஓர் இடத்தில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறாரே.

அம்மாவிடம் போனில் சொன்னபோது அம்மாவுக்கு விஷயம் புரியவே நேரமாயிற்று. பந்தைக் கொண்டுவந்து மற்றவர்களுக்குக் கொடுப்பது என்றால், அப்புறம் கூடையில் போடுவது யார் என்று கேட்டாள். மற்றவர்கள்தான் என்றாள் மகள்.

"எடுத்துக் குடுக்கற வேலைக்கா உன்னை இவ்வளவு உசரமா பெத்தேன்?" என்றாள் அம்மா.

கோபத்தில் சொன்னாளா, வருத்தத்தில் சொன்னாளா என்று தெரியவில்லை. மகளுக்கு இரண்டுமாகவே கேட்டது.

அன்றிலிருந்து பந்து கையை விட்டு இறங்கவில்லை. அறையில் தட்டினாள், மாடிப்படியில் தட்டினாள், துணி காயப்போடப் போகும்போதும் ஒரு கையில் வாளி, மறு கையில் பந்து. அறையில் கூட இருந்தவள் அணியின் சென்டர். வளையத்துக்கு நேர் கீழே காலை ஊன்றி நிற்பவள் என்பதால் அவளுக்குத் தூண் என்று பெயர். அவளுடைய வேலை எப்போதோ நிரந்தரமாகிவிட்டது. நிம்மதியாகத் தூங்குகிற ஜாதி. டொக்கு டொக்கு என்ற சத்தத்தைப் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் பந்தைப் பிடுங்கித் தன் தலையணைக்கு அடியில் வைத்துப் படுத்துக்கொண்டாள். ஏணி கையில் ஒன்றும் இல்லாமல் அறையைக் குறுக்கும் நெடுக்கும் அளந்தாள். அந்தச் சத்தமே தேவலை என்று தூண் பந்தைத் திருப்பி வீசினாள்.

கை பழகிவிட்டது, அதில் குறை சொல்ல முடியாது. தகராறு காலில் இருந்தது. ஒருத்தி கூடைக்குப் பந்தை எறிந்தால் மற்றவர்கள் வளையத்தை நோக்கி ஓடலாம். கார்டு மட்டும் பின்னால் வந்து மைதானத்தின் நடுவில் நிற்க வேண்டும். பந்து எதிரணியிடம் சிக்கினால், அவர்கள் பாய்ந்து வரும் வழியில் தடுக்க ஓர் ஆள் வேண்டுமே. இது சின்னப் பிள்ளைக்கும் புரிகிற விஷயம். ஏணியின் காலுக்குத்தான் புரியவில்லை. பந்து மேலே எழும்பியதும் அது வளையத்தைப் பார்த்து ஓடியது. மாஸ்டர் விசில் ஊதி ஊதி ஓய்ந்தார். ஊதிய விசில் காதில் விழுவதற்குள் அவள் வளையத்தடியில் இருந்தாள்.

அப்படி ஓடிய ஒரு மாலையில்தான் அது நடந்தது. தூண் தன் இடத்தில் நின்று, தனக்கு வர வேண்டிய பந்துக்கு எம்பினாள். எங்கிருந்தோ வந்து ஏணியும் எம்பினாள். இரண்டு பேரும் மோதி விழுந்ததில் ஏணிக்குச் சிராய்ப்புகூட இல்லை. தூண் கையை ஊன்றி விழுந்ததில் மணிக்கட்டு எலும்பு விரிசல் விட்டுவிட்டது.

கட்டுப் போட்டு அறைக்குக் கூட்டி வந்த பிறகு, துணி துவைப்பது, தட்டில் ரொட்டியைப் பிய்த்து வைப்பது, தலை பின்னுவது எல்லாம் ஏணியின் வேலையானது. மன்னிப்பு எத்தனை தடவை கேட்டாள் என்று சொல்ல முடியாது. தூண் முகம் கொடுக்கவில்லை. ஒருநாள் பின்னலை இறுக்கிக் கட்டிக்கொண்டிருக்கும்போது, கண்ணாடியைப் பார்த்தபடியே அவளாகப் பேசினாள்.

"என் மேல மோதினதுக்கு எனக்குக் கோவம் இல்ல. பந்து எனக்குக் கிடைக்காதுன்னு நீயே முடிவு பண்ணிட்ட பாரு, அதுக்குத்தான்."

அப்படி முடிவு செய்ததாக ஏணிக்கு நினைவே இல்லை. ஆனால் யோசித்துப் பார்த்தால் அது உண்மைதான். இத்தனை வருஷமும் பந்துக்காக ஓடினாளே தவிர, அங்கே இன்னொருத்தி நிற்கிறாள் என்று அவள் கணக்கிலேயே எடுத்துக்கொண்டதில்லை. வெட்கமாக இருந்தது. பின்னலை அவிழ்த்து மறுபடி பின்னினாள்.

தூண் படுத்துவிட்டதால் வளையத்தடியில் ஆள் குறைந்தது. மாஸ்டர் ஏணியைப் பழைய இடத்துக்கே அனுப்பினார். பந்தை எடுத்து வர, குட்டி என்று எல்லாரும் கூப்பிடும் மாற்று ஆட்டக்காரி வந்தாள். இதற்குத்தான் ஏணி வந்த நாளிலிருந்து தவம் கிடந்தாள். போனில் கேட்ட அம்மா, அப்பாடா, இப்போதுதான் அந்த ஆளுக்குப் புத்தி வந்தது என்றாள்.

புள்ளிகள் குவிந்தன. அவள் எம்பினால் பந்து அவள் கையில்தான். பார்சல் கூடத்து ஆட்கள் வேலை முடிந்து வந்து வேலியைப் பிடித்துக்கொண்டு கத்தினார்கள். கூட ஆடிய பெண்கள் முதுகில் தட்டினார்கள். எல்லாம் இருந்தும் அவளுக்கு எரிச்சலாக வந்தது. முன்பெல்லாம் பந்து வராவிட்டால் காத்திருப்பாள். இப்போது பந்து ஏன் வரவில்லை என்று தெரிந்து தொலைத்தது. இடது மூலையில் ஒருத்தி காவலே இல்லாமல் நிற்கிறாள், குட்டி அதைப் பார்க்காமல் வலது பக்கமே போகிறாள். அந்தப் பக்கம் வழி அடைத்திருக்கிறது என்று இங்கிருந்தே தெரிகிறது. அங்கே பார் என்று கத்தலாம், குட்டி கேட்க மாட்டாள். வளையத்தடியில் நிற்கவே முடியவில்லை. ஒரே இடத்தில் கட்டிப்போட்டாற்போல் உடம்பெல்லாம் அரித்தது. கேட்டது கிடைத்த பிறகு இதென்ன புது வியாதி என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

சீசனின் கடைசி ஆட்டம். மைதானத்துக்குள் போகும் முன் மாஸ்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். வளையத்தை விட்டு நகராதே, இன்றைக்கு இப்படியே ஆடிவிட்டால் நிரந்தரம் பற்றி நிர்வாகத்திடம் நான் பேசுகிறேன் என்றார். அவர் வாயிலிருந்து இவ்வளவு இனிப்பாக ஒரு சொல் வருவது அதுதான் முதல் தடவை. அவள் தலையாட்டினாள். நகரக் கூடாது என்றே மனதார நினைத்தாள்.

கடைசி நிமிஷம்வரை நகரவில்லை. அவர்கள் ஒரு புள்ளி பின்தங்கியிருந்தார்கள். குட்டியை இரண்டு பேர் நெருக்கினார்கள். குட்டிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பந்து இப்போது போய்விடும் என்று தெரிந்தது. ஏணி வளையத்தை விட்டு ஓடி வந்து குட்டியின் கையிலிருந்து பந்தை வாங்கினாள். ஓரத்திலிருந்து மாஸ்டர் என்னவோ கத்தினார். அவள் தட்டிக்கொண்டு இரண்டு பேரைத் தாண்டினாள். இடது மூலைக்காரி எங்கே நிற்பாள் என்று பார்க்காமலே தெரிந்தது. பந்து நேராக அவள் மார்புக்குப் போனது. மூலைக்காரி நிதானமாகக் குறிபார்த்து எறிந்தாள்.

பந்து மேலே எழும்பியது. எல்லாரும் ஓடினார்கள். ஏணியின் கால் ஓடவில்லை. அது தானாகவே பின்னால் வந்து நடுமைதானத்தில் நின்றது.

பந்து வளையத்தில் பட்டு வெளியே துள்ளியது. வளையத்தடியில் ஏணி நிற்க வேண்டிய இடத்தில், அச்சாக அந்த இடத்திலேயே விழுந்தது. அங்கே எதிரணிக்காரி ஒருத்திதான் முந்தி வந்திருந்தாள். அவள் அதை மார்போடு அணைத்துக்கொண்டு குனிந்துகொண்டாள், ஆட்டம் முடிந்த விசில் ஊதியது. கார்டாக ஏணி செய்தது அத்தனையும் சரி. ஆனால் அன்றைக்கு அவள் கார்டு இல்லை.

யாரும் அவளோடு பேசவில்லை. கையில் கட்டோடு வெளியே உட்கார்ந்திருந்த தூண் மட்டும் ஒரு தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். ஏணி வாங்கிக் குடித்துவிட்டு நேராக மாஸ்டரின் அறைக்குப் போனாள். கூப்பிடட்டும் என்று காத்திருக்கும் தெம்பு அவளுக்கு இல்லை.

மாஸ்டர் காய்ச்சி எடுத்தார். நீ அங்கே நின்றிருந்தால் ஜெயித்திருப்போமா இல்லையா என்று கேட்டார். ஜெயித்திருப்போம் என்றாள் அவள். அப்படி ஒப்புக்கொள்வாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை போல. கொஞ்ச நேரம் மேசையைத் துடைத்தார். இத்தனை கூத்துக்குப் பிறகும் சீசனில் அதிகப் புள்ளி நீதான் போட்டிருக்கிறாய், ஃபார்வர்டு இடத்துக்கு உன்னை நிரந்தரமாக்கச் சொல்லி இன்றைக்கே எழுதித் தருகிறேன் என்றார்.

அவள் உட்காரவில்லை. கதவுக்கும் மேசைக்கும் நடுவில் இரண்டு நடை நடந்தாள்.

"எனக்குக் கார்டு இடம் வேணும் மாஸ்டர்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். அதைக் கேட்டு அவருக்குச் சந்தோஷம் வந்ததாகத் தெரியவில்லை. கார்டு என்றால் நிரந்தரம் என்று எழுத முடியாது, இன்னொரு சீசன் தற்காலிகம்தான், அதற்கப்புறமும் எதுவும் உத்தரவாதம் இல்லை என்றார். தெரியும் என்றாள்.

"நீ கார்டா தேறுவேன்னு எனக்கே நிச்சயம் இல்ல. கையில இருக்கறத விட்டுட்டுப் போற."

"எனக்கும் நிச்சயம் இல்ல மாஸ்டர். ஆனா வளையத்தடியில என்னால இனிமே நிக்க முடியல."

மாஸ்டர் பேனாவை மூடி வைத்தார்.

படியிறங்கும்போதே அம்மாவை அழைத்தாள். தள்ளிப்போட்டால் சொல்ல வாய் வராது. முதல் மணியிலேயே அம்மா எடுத்தாள், போனைக் கையிலேயே வைத்திருந்தாள் போல. வேலை பர்மனென்ட் ஆகிவிட்டதா என்றுதான் முதல் கேள்வி. பின்னால் தையல் மெஷின்கள் ஓடும் சத்தம் கேட்டது. கடையில் தைக்கும் பெண்கள் எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டிருப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

"ஆகலம்மா. குடுத்தாங்க. நான்தான் வேண்டாம்னு சொல்லிட்டேன்."

ஏன் என்று சொல்லத் தொடங்கினாள். குட்டி, இடது மூலை, நடுமைதானம் என்று தொடங்கி, அம்மாவுக்கு இதில் எதுவும் விளங்காது என்று பாதியில் நிறுத்தினாள். அம்மா எழுந்து வெளியே வருகிறாள் போலிருக்கிறது, மெஷின் சத்தம் மெல்லக் குறைந்து நின்றது. அப்புறம் அம்மாவின் குரல் அடங்கி வந்தது.

"உன்னைத் திட்டணும். இன்னிக்கு எனக்கு வாய் வரல. நாளைக்குக் கூப்பிட்டுத் திட்டறேன், எடு."

எடுக்கிறேன் என்றாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது, படியிலேயே உட்கார்ந்து அழுதாள். மாஸ்டர் அறைக்கு ஓடிப்போய்ச் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாமா என்றுகூட யோசித்தாள். மாஸ்டர் இன்னும் மேலேதான் இருந்தார், விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, கீழே இறங்கினாள்.