அய்யனார் தலையில் இருந்த ஆர்க்கிட்

நான் எட்டாவது வரை படித்தவன். இராஜபாளையத்துக்கு மேற்கே மலையேற வருபவர்களுக்குப் பதினெட்டு வருடம் கைடு வேலை பார்த்தேன். புதிதாக இந்த வேலைக்கு வருபவர்கள் படிக்கட்டும் என்று, நான் செய்த ஒரு கூத்தை எழுதுகிறேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்து ஒரு காலேஜ் டீச்சர் வண்ணத்துப்பூச்சி, காட்டுப்பூ சர்வேக்கு வந்திருந்தார். அவர் வருமுன் பாதையில் முள் வெட்ட நான் முன்னால் ஏறினேன். மேலே எங்கள் அய்யனார் கல் இருக்கிறது. வெறுங்கையோடு சாமி முன் நிற்க எனக்கு மனசு வராது. சரிவில் கொக்கு பறப்பது போல மூன்று வெள்ளைப் பூ விரிந்திருந்தது. பறித்து அவர் தலையில் வைத்து, "வந்தவிய தேடுறது இன்னைக்குக் கிடைக்கணும் அய்யா" என்று கும்பிட்டுவிட்டு இறங்கினேன்.

டீச்சரைக் கூட்டிக்கொண்டு சரிவுக்கு வந்ததும் அவர் போனில் ஒரு படம் காட்டினார். "இந்த ஆர்க்கிட்தாண்ணே. மூணு வருசமாத் தேடுறேன். போன வாரம் இங்க மொட்டு விட்டுருக்குன்னு சொன்னாங்க."

நான் பறித்த அதே பூ. டீச்சர் முட்டி போட்டுத் தேடினார். நானும் தெரியாதவன் போலத் தேடினேன்.

சாமான் தூக்க வந்த மாரியப்பன், "என்ன மாமா, பூ தரையில பூக்கும். நீரு வானத்தப் பாக்கீரு?" என்றான்.

கடைசியில் டீச்சர் வெறும் காம்பைக் கண்டுபிடித்தார். "யாரோ பறிச்சிட்டாங்கண்ணே" என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அதற்கு மேல் எனக்குத் தாங்கவில்லை.

"டீச்சர், பூ பத்திரமா இருக்கு."

"எங்க?"

"அய்யனார் தலையில."

மாரியப்பன் சிரிப்பை அடக்கத் துண்டைக் கடித்தான்.

மேலே போனதும் பூவை எடுக்கக் கை நீட்டினேன். "தொடாதீங்க! சாமிக்கு வச்சத எடுத்த பாவம் எனக்கு வேண்டாம்" என்று டீச்சர் செருப்பைக் கழற்றிவிட்டுப் படம் எடுத்தார். அந்நேரம் நீல வண்ணத்துப்பூச்சி ஒன்று வந்தது. மூச்சை அடக்கி நின்றோம். அது பூவைச் சுற்றிப் பார்த்துவிட்டு, என் வியர்வைத் துண்டில் வந்து உட்கார்ந்தது.

சர்வே ஃபாரத்தில் 'காணப்பட்ட இடம்' என்ற கட்டத்தில் டீச்சர் பேனாவை வைத்தபடி யோசித்தார். "அய்யனார் தலைன்னு எழுதவாண்ணே?"

"தலைன்னா மரியாதையா இருக்காது டீச்சர். சிரசுன்னு போடுங்க."

அப்போதுதான் அவர் சிரித்தார்.

இறங்கும்போது பார்த்தால், அதே செடியில் இலைக்கடியில் இன்னொரு காம்பில் இரண்டு மொட்டு மிச்சமிருந்தது. தினமும் காலையில் செடி முன்னால் நின்று, "இது உமக்குத்தான் அய்யா, செடியிலயே வச்சுக்கிடும்" என்று கும்பிட்டேன். இரண்டும் விரிந்தன. டீச்சருக்குப் போன் போட்டேன், வந்து பார்த்துக் கண் கலங்கினார்.

காட்டில் பூப்பதெல்லாம் ஏற்கெனவே அய்யனார் காலடியில்தான் இருக்கிறது. அதை நாம் இடம் மாற்றி வைக்க வேண்டியதில்லை.