அப்பாவின் இருட்டறையில் பயறு

இருபத்தாறு வருடமாகச் சுரங்கத்தில் ஷிப்ட் பார்க்கும் என் அப்பா ஜெயராமன், பகலில் தூங்குவதற்காகவே ஓர் அறையை இருட்டாக்கி வைத்திருக்கிறார். ஜன்னல் கண்ணாடி முழுக்கக் கறுப்புத் தாள். அவர் தூங்கும்போது அம்மா மிக்சியைக்கூடப் பின்வாசலுக்குக் கொண்டுபோய்த்தான் ஓட்டுவாள்.

அந்த இருட்டு எனக்கும் தேவைப்பட்டது. பச்சைப்பயறு முளைக்கும்போது, அதற்கே தொல்லை தரக்கூடிய சில பொருள்களோடு ஒரு நொதி சர்க்கரையைக் கோத்துவிடுகிறது. கோத்தபின் செடி அவற்றைப் பயமில்லாமல் சேர்த்துவைத்துக்கொள்ளும். ஐந்து நாள் இருட்டில் வளர்ந்த முளைகளில் அந்த நொதி எவ்வளவு வேலை செய்கிறது என்று அளப்பதுதான் என் ஆராய்ச்சி. நடுவில் வெளிச்சம் பட்டால் எல்லாம் போச்சு. சிதம்பரத்தில் எங்கள் ஆய்வகத்து இருட்டு அலமாரி பழுது. அளக்கும் கருவி வெள்ளிக்கிழமைக்கு என் பெயரில் பதிவாகியிருந்தது. தவறவிட்டால் அடுத்த முறை இரண்டு மாதம் கழித்துத்தான்.

அப்பாவுக்கு அந்த வாரம் நைட் ஷிப்ட். கட்டிலுக்கடியில் பயறுத் தட்டுகளை வைத்துவிட்டு, "ஜன்னலை மட்டும் திறக்காதீங்கப்பா" என்றேன்.

"தூங்குறவன் எதுக்கும்மா திறக்கப்போறேன்?"

வியாழன் மாலை நான் வீடு திரும்பியபோது ஜன்னல் விரியத் திறந்திருந்தது. அம்மா பெருக்குவதற்காக வெளியே இழுத்த தட்டுகள் நடு அறையில். வெளிறிய மஞ்சளாக இருக்கவேண்டிய இலைகளெல்லாம் பச்சை.

அப்பா சொன்னார்: "எங்க சுரங்கத்து இசக்கிமுத்து வடக்குத்துல வீடு கட்டுறான்ல, பகல்ல கொத்தனார்கூட நிக்கணுமாம். ஷிப்டை மாத்திக்கிட்டோம். நேத்து நைட் அவன் போனான், இன்னைக்கு ஃபர்ஸ்ட் ஷிப்ட் நான். பகல்ல தூங்கல, அதான் காலையிலேயே திறந்துட்டேன்."

"இருட்டு உங்களுக்கு இல்லப்பா, பயறுக்கு!"

"பயறும் நைட் ஷிப்டுன்னு எனக்கு எப்படிம்மா தெரியும்?"

அம்மா எட்டிப் பார்த்தாள். "சுண்டலுக்காவது ஆகுமாடி?"

 வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன்.

அப்பா குனிந்து ஒரு முளையைக் கிள்ளிப் பார்த்தார். "உன்கூடப் படிக்கிற பொண்ணு யார்கிட்டயாவது தேதியை மாத்திக்கயேன். நாங்க மாத்திக்கல?"

எரிச்சலாக வந்தது, அவர் சொன்னது சரி என்பதால். என் ஆய்வகத்துத் தமிழ்நிலாவுக்குக் கருவி அடுத்த வெள்ளி. அவளுடைய மாதிரிகள் தயார். என் தேதியை உடனே வாங்கிக்கொண்டு தன் தேதியைக் கொடுத்தாள்.

அடுத்த வாரம் இசக்கிமுத்துவின் நைட் ஷிப்டை அப்பா திருப்பிப் பார்த்தார். ஐந்து நாளும் புதிதாக விதைத்த தட்டுகளின் மேலே அவர் குறட்டை. அம்மா கதவைத் தொட்டாலே உள்ளிருந்து குரல் வரும்: "ரெண்டு பேர் தூங்குறோம்!"

வெள்ளிக்கிழமை விடிந்ததும் மூடிய பெட்டியோடு கிளம்பினேன். டூட்டி முடிந்து வந்தவர் வாசலில் மறித்தார்.

"கட்டுரையில என் பேரும் வருமா?"

"வராதுப்பா. வழி விடுங்க, பஸ் போயிடும்."