எதிர் டேனரியின் டிரம்

ஆம்பூரில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் மாடியின் பால்கனியில் நின்று கையை நன்றாக நீட்டினால் உயர் அழுத்த மின்கம்பிக்குக் கைகொடுக்கலாம். ஒரே ஒரு முறை. கம்பி முதலில் வந்தது. பால்கனி, கீழே குடியிருக்கும் வீட்டுக்கார பாய் பிறகு இழுத்துக் கட்டியது.

நான் ஒரு ஷூ கம்பெனியில் பாதுகாப்பு அதிகாரி. ஆங்கிலம் பேசுவேன் என்பதால் தலையில் கட்டிய வேலை. ‘அபாயம்’ பலகை மாட்டி மாட்டி அந்த மண்டையோட்டின் சாயல் எனக்கே வந்துவிட்டது. நான் வாயைத் திறந்தால் வீட்டிலும் எழுந்து போய்விடுகிறார்கள்.

பெருநாளுக்காக பாய் பெயிண்டரை அழைத்துவந்தார். பெயிண்டர் ரோலரை நீளமான இரும்புக் குழாயின் நுனியில் கட்டியிருந்தார். குழாயைப் பால்கனிச் சுவரில் சாய்த்துவிட்டு வாளி எடுக்க உள்ளே வந்தவரைக் கதவருகே மறித்தேன்.

“தொட்டாத்தானே சார் ஷாக்கு? நான் தொட மாட்டேன்.”

“தொடவே வேணாம்ப்பா. கிட்டப் போனா காத்துல தாண்டி அதுவே வரும்.”

“இன்னா சார், காலையிலயே பேஜாரு?” என்றார் பாய். “கம்பெனிப் பாடத்தைக் கம்பெனியிலயே வெச்சுக்கங்க.”

அந்த நேரம் பார்த்து மின்விசிறி நின்றது. கரண்ட் போனதற்கு இந்த ஊரில் இரண்டு பேர் சந்தோஷப்பட்டதை அன்றுதான் பார்த்தேன்.

“போய்ட்டுச்சு! சீக்கிரம் அடிச்சிடுப்பா!” என்றார் பாய்.

நான் காதைத் தீட்டினேன். எதிர் டேனரியில், தோலைப் பதனிட ஊறவைக்கும் பெரிய மர டிரம் தடதடவென்று சுற்றிக்கொண்டிருந்தது. ஜெனரேட்டர் சத்தம் இல்லை. டிரம்முக்கு மின்சாரம் வருவது இதே கம்பியில்.

“நம்ம வீட்டுக்குத்தான் ஃபியூஸ் போயிருக்கு பாய். மேல் லைன்ல கரண்ட் இருக்கு. டிரம் ஓடுது, கேளுங்க.”

“டிரம் ஓடினா உங்களுக்கு இன்னா சார்?”

அதற்குள் பால்கனியில் சாய்த்துவைத்த குழாய் தானாகச் சறுக்கியது. மூவரும் உள்ளே இருந்தபடி பார்த்தோம். நுனி கம்பியை நோக்கிப் போயிற்று. தொடுவதற்கு ஒரு விரற்கடை இருக்கும்போதே நீல வெளிச்சம் பாய்ந்தது. காது அடைக்கிற வெடி. குழாய் பால்கனிக்குள்ளேயே உருண்டு விழுந்தது. ரோலர் கருகிவிட்டது.

டிரம் நின்றது.

ஜெயித்த சந்தோஷம் வரும் என்று எதிர்பார்த்தேன். உட்கார வேண்டும் போலத்தான் இருந்தது.

எதிர் டேனரியை எட்டிப் பார்த்துவிட்டுப் பெயிண்டர் மெல்லக் கேட்டார்: “சார், இப்போ நிஜமாவே போய்ட்டுச்சு இல்ல? அடிச்சிடட்டுமா? நாளைக்கு வேற வேலை இருக்கு.”

லைனைச் சோதிக்க மின்வாரியத்தில் கரண்டை மறுபடி போட்டுப் பார்ப்பார்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அந்தச் சிரமத்தை எனக்கு வைக்கவில்லை. எதிரே டிரம் மீண்டும் தடதடக்கத் தொடங்கியது.

பெயிண்டர் அப்படியே தரையில் உட்கார்ந்தார். பாய், தான் கட்டிய பால்கனியின் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்.