கடன் உண்டா என்று கேட்டால் மறைக்காதே: இரும்புப் பெட்டிச் சாவி எனக்குத் தவறிய கதை

1. துரையின் கேள்வி

"உனக்குக் கடன் கிடன் இருக்கா?"

தோட்டத்து மேனேஜர் துரை இப்படிப் பொட்டென்று கேட்பார் என்று நான் நினைக்கவேயில்லை. ஐம்பதுகளின் நடுவில் மலைநாட்டில் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபீஸில் நான் சின்ன கிளாக்கர், அதாவது குமாஸ்தா. பெரிய கிளாக்கர் மாற்றலாகிப் போகிறார். அவரிடம் இருந்த இரும்புப் பெட்டிச் சாவி இனி யாருக்கு என்பதுதான் ஆபீஸ் முழுக்கப் பேச்சு. அட்டன் பேங்கிலிருந்து வரும் தோட்டத்துச் சம்பளப் பணம் மொத்தமும் அந்தப் பெட்டியில்தான் இருக்கும். துரையின் ரகசியக் கடிதங்களும் அதிலேதான்.

சாவி வந்தால் அதோடு பெரிய கிளாக்கர் வீடும் வரும். எனக்கு அந்த வீடுதான் வேண்டும். நாங்கள் இருந்த வீட்டில் முக்கால்வாசி இடம் ஒழுகும். என் மகளுக்கு அப்போது ஒன்றரை வயது. மழை பிடித்தால் பிள்ளைக்கு நெஞ்சுச்சளியும் பிடித்துவிடும்.

"ஒரு சல்லி இல்லீங்க துரை" என்றேன்.

பச்சைப் பொய்! தங்கச்சி கல்யாணத்துக்குப் பட்டெடுத்த வகையில் அட்டன் ஜவுளிக்கடையில் பாக்கி. பலசரக்குக் கடையில் பாக்கி. மனைவி செல்லம்மாவின் சங்கிலி அடகில்.

"உள்ளத சொல்லியிருக்கலாம்லங்க" என்றாள் செல்லம்மா, ராத்திரி வீட்டில் விஷயத்தைக் கேட்டுவிட்டு.

"சும்மா இரு புள்ள. கடன்காரன்னு தெரிஞ்சா சாவியக் குடுப்பானா?"

2. கோட்டு

இனி வருவதைக் கேட்டு நீங்கள் சிரித்தாலும் எனக்குக் கோபமில்லை. கடனே இல்லாத ஆள் மாதிரி தெரிய வேண்டுமென்று, அதே ஜவுளிக்கடையில் கடனுக்கு ஒரு கோட்டு தைத்துப் போட்டுக்கொண்டேன்.

கடை முதலாளி அளவு எடுக்கச் சொல்லிவிட்டு, "என்னங்க கிளாக்கரய்யா, விசேஷமா?" என்றார். எனக்கு வாய் சும்மா இருக்குமா? சாவி விஷயத்தைச் சொல்லி, "துரை ஒங்ககிட்ட விசாரிச்சா நல்லபடியா ரெண்டு வார்த்தை சொல்லுங்க மொதலாளி" என்றும் கேட்டுக்கொண்டேன்.

"அத எங்கிட்ட விடுங்க!" என்றார்.

3. சிபாரிசு

மனுஷன் சொன்ன வாக்கைக் காப்பாற்றினார். சம்பளத்தன்று கடைக்காரர்கள் பாக்கி வசூலுக்குத் தோட்டத்துக்கு வந்து ஆபீஸ் வாசலில் நிற்பது வழக்கம். அன்று துரை அவரைக் கூப்பிட்டு என்னைப் பற்றி விசாரித்தார். நான் புதுக் கோட்டோடு ஜன்னலுக்கு உள்ளே செக்ரோல் என்கிற கூலிப் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

"தங்கமான ஆளுங்க துரை!" என்று ஆரம்பித்தார் முதலாளி. எனக்கு உச்சி குளிர்ந்தது. "இந்தத் தோட்டத்துல யாரு கேட்டாலும் நான் யோசிச்சுத்தான் கடன் குடுப்பேன். இவருக்கு மட்டும் யோசனையே இல்லீங்க. இன்னைய வரைக்கும் முந்நூத்தி நாப்பது ரூவா நிக்குது, நான் வாயத் தொறந்து கேட்டிருப்பேனா? அந்தா போட்டிருக்காரே கோட்டு, அதுவும் நம்ம கடைக் கடன்தான்!"

அவர்மேல் குற்றமே இல்லை. எங்கள் பக்கத்தில் ஒரு கடைக்காரன் ஒருவனுக்குத் தருகிற பெரிய நற்சாட்சி, 'இவனுக்கு நம்பிக் கடன் கொடுத்திருக்கிறேன்' என்பதுதான். அந்தச் சாட்சியை மனசாரச் சொல்லிவிட்டு அவர் என்னைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தார். எனக்கு அந்த இடத்திலேயே நிலம் பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

துரை என்னை உள்ளே கூப்பிட்டார். கத்துவார் என்று பார்த்தேன், கத்தவில்லை.

"கடன் எல்லாருக்கும் வரும். எனக்கும் இருக்கு" என்றார். "ஆனா நீ மறைச்சே. நாளைக்கு கடன் குடுத்தவன் ஒருத்தன் உன் கழுத்தைப் பிடிச்சா அதையும் மறைப்பே. அப்போ என் பெட்டி என்ன ஆகும்?"



சாவி ஸ்டோர் கிளாக்கர் ஜோசப்புக்குப் போனது. அவனுக்கு என்னைவிட இரண்டு மடங்கு கடன். துரை கேட்டபோது, யார் யாருக்கு எவ்வளவு, மாசம் எவ்வளவு கட்டுகிறேன் என்று ஒரு தாளில் எழுதி நீட்டிவிட்டானாம். அதைக் கேள்விப்பட்டு, பைத்தியக்காரன் என்று சம்பளத்தன்று காலையில்தான் அவனைக் கேலி செய்திருந்தேன்.

நாலு வருஷம் கழித்துக் கொத்மலைப் பக்கம் வேறொரு தோட்டத்தில் சாவி கேட்டுப் போனபோது, அங்கிருந்த துரை வாயைத் திறக்கும் முன்பே என் கடன் பட்டியலை மேசையில் வைத்தேன். "இவ்வளவா?" என்றார். "இவ்வளவுதாங்க" என்றேன். சாவி கிடைத்தது.

இப்போது பேங்கிலும் ஆபீஸிலும் வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். நம்பிக்கையான வேலைக்குப் போகும்போது கடன் உண்டா என்று கேட்டால், உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுங்கள். மறைத்தால் உங்கள் குடுமி கடன் கொடுத்தவன் கைக்குப் போய்விடும்.

சாவி தவறிய அந்த வருஷம் மழை விடாமல் பெய்தது. செல்லம்மா என்னை ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒழுகாத இடமாகப் பார்த்து மாறி மாறி நின்றாள். பொய் சொன்னவன் நான். இருமினது என் மகள்.