மிச்சமிருந்த ஆறு நிமிடங்கள்

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு பெப்ரவரி மாலை. மொன்ட்ரியாலில் கோட்-டெ-நெய்ஜ் பக்கத்து முதியோர் இல்லம் ஒன்றில் பராமரிப்பு வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று எனக்கு அது இரண்டாவது ஷிஃப்ட். ஐம்பத்திரண்டு வயதில் இரட்டை ஷிஃப்ட் செய்வது வீரம் என்று நினைத்திருந்தேன். வீட்டில் பாதியில் விட்ட புத்தகங்கள் வேறு மாதிரி நினைத்திருக்கலாம்.

என்னோடு வேலை செய்தவர் ஹெய்ட்டியில் பிறந்த கறுப்பினப் பெண், என் வயது. அன்று மேற்பார்வையாளர், "ஞாயிறும் வருகிறீரா?" என்று கேட்டதற்கு, "வரமாட்டேன், களைப்பாக இருக்கிறது" என்றார். அவ்வளவுதான். காய்ச்சல் இல்லை, கலியாணவீடு இல்லை. ஒரு நாள் லீவுக்காக ஊரிலிருக்கும் பெரியம்மாவை மூன்று தடவை சாகடித்தவள் நான். அவர் இடைவேளை முழுவதும் சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கண்ணை மூடி உட்காருவார். நானோ, மேற்பார்வையாளரின் காலடி கேட்டாலே துடைத்த மேசையைத் திரும்பத் துடைப்பேன். அவர் சோம்பேறி என்று மனதுக்குள் தீர்ப்பெழுதி வைத்திருந்தேன்.

அவர் இடைவேளைக்குப் போயிருந்த நேரம், தொண்ணூறு வயது மூதாட்டி ஒருவரைக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றவேண்டியிருந்தது. ஆளைத் தூக்கும் இயந்திரத்துக்கு இருவர் நிற்கவேண்டும் என்பது விதி. தனியே செய்து காட்டுகிறேன் என்று தொடங்கினேன். குழந்தையின் ஏணை போன்ற துணியின் நான்கு பட்டிகளையும் இயந்திரத்தின் கொக்கிகளில் கொளுவினேன். அப்படித்தான் நினைத்தேன். கொளுவியது மூன்றைத்தான்.

பாதி உயரத்தில் துணி ஒரு பக்கம் சரிந்தது. மூதாட்டியின் தலை தரையை நோக்கித் திரும்பியது. பாய்ந்து தோளைக் கொடுத்தேன். இறக்கும் பொத்தான் கைக்கு எட்டாமல் ஒரு முழம் தள்ளி. அவசர மணி அதற்கும் அப்பால். தோளை எடுத்தால் விழுந்துவிடுவார். "இன்றைக்கு என்ன சூப்?" என்று என் காதருகில் அவர் பிரெஞ்சில் கேட்டார். நான் கத்தினேன். எந்த மொழியில் என்று இன்றுவரை தெரியாது.

வெறும் காலுறையோடு ஓடிவந்த என் சக ஊழியர் பொத்தானை அழுத்தி, அங்குலம் அங்குலமாக இறக்கினார். மூதாட்டி பத்திரமாகக் கட்டிலில். நான் சுவரோடு சரிந்து தரையில்.

அவர் பிரெஞ்சில் பொரிந்ததை என் தமிழில் சொல்கிறேன்.

"ஏன் என்னைக் கூப்பிடேல்லை?"

"நீர் ரெஸ்ட் எடுத்துக்கொண்டு இருந்தனீர், குழப்பக்கூடாதெண்டு..."

"பொய்! நான் சும்மா இருக்கிறது உமக்குப் பொறுக்கேல்லை. நானும் இருபது வருசம் உப்பிடித்தான் ஓடினனான், கறுப்புப் பொம்பிளை சோம்பேறியெண்டு ஒருத்தரும் சொல்லக்கூடாதெண்டு. பலசாலி, பலசாலியெண்டு சொல்லியே என்ர முதுகை முறிச்சுப்போட்டினம். இனி ஒருத்தருக்கும் ஒண்டும் காட்டவேண்டிய தேவை எனக்கில்லை."

தாதி வந்து பார்த்து, காயமில்லை என்றார். நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். சக ஊழியர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"எனக்கு இன்னும் ஆறு நிமிசம் மிச்சமிருக்கு. நீரும் வாரும்."

ஓய்வறையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். வாசலில் மேற்பார்வையாளர் வந்து நின்றார். என் முழங்கால்கள் தாமாகவே எழும்பப் பார்த்தன.

"இரும்," என்றார் என் சக ஊழியர், கண்ணைத் திறக்காமலே.

இருந்தேன். இயந்திரத்தடியில் நின்ற பயத்துக்கும் மேற்பார்வையாளர் முன் சும்மா இருந்த பயத்துக்கும் பெரிய வித்தியாசம் இருக்கவில்லை.

இன்றும் பகலில் சும்மா உட்கார்ந்தால் யாரோ பார்த்துவிடுவார்கள் என்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது. ஒரு வீண் பெருமைக்காக ஓர் உயிரைத் தோளில் தொங்கவிட்டவள் என்பதால், அடித்தால் அடிக்கட்டும் என்று உட்கார்ந்தே இருக்கிறேன்.