குதிகாலைச் சேர்த்து வையுங்கள்

மொழிபெயர்ப்பு வேலையில் யார் என்ன சொன்னாலும் முறைப்பு மட்டும் நமக்குத்தான் வரும். அந்த வேலை பார்த்து நொந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. சுனாமிக்கு அடுத்த வருஷம், பிள்ளைகளுக்குப் பயம் தெளியட்டும் என்று மரக்காணம் பக்கம் ஒரு தொண்டு நிறுவனம் க்ளாரா என்ற வெளிநாட்டு பாலே நடன டீச்சரைக் கொண்டுவந்து இறக்கியது. பி.ஏ. இங்கிலீஷ் முடித்துவிட்டு வானூரில் சும்மா இருந்த என்னை, அவர் சொல்வதைத் தமிழில் சொல்லக் கூப்பிட்டார்கள்.

முதல் நிலை

குதிகால்கள் ஒட்டியிருக்க வேண்டும், விரல்கள் வலமும் இடமும் பார்க்க வேண்டும், கைகள் வயிற்றுக்கு முன்னால் வட்டமாக வளைய வேண்டும். "பெரிய பந்தை அணைத்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்" என்றார் க்ளாரா. நான் பந்தைச் சோற்றுக் குண்டான் ஆக்கினேன். இருபது பிள்ளைகளும் வாத்துக் காலோடு குண்டானைப் பிடித்தார்கள். க்ளாராவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஐந்து நிமிஷம் கழித்து ஒன்பது வயசு செல்வி கேட்டாள்: "புடிச்சாச்சுக்கா, எங்க எறக்கி வெக்கணும்?"

ஐந்தாம் நிலை

ஒரு காலின் குதிகால் மற்ற காலின் விரலைத் தொடும்படி, ஒன்றன்முன் ஒன்றாக ஒட்டி நிற்பது. செல்வி மட்டும் முகம் சுளித்தாள். க்ளாரா குனிந்து பார்த்தார். லீவு நாளில் அம்மாவோடு உப்பளப் பாத்தியில் நின்ற கால். குதிகால் நெடுக வெடிப்பு. ஏன் இப்படி என்று அவர் கேட்டதை, வாசலில் நின்ற அம்மா அஞ்சலையிடம் சொன்னேன். பதில் உடனே வந்தது: "அந்தம்மாவ ஒரு நாளு பாத்தியில வந்து நிக்கச் சொல்லும்மா. அவங்க காலு எத்தினியாவது நிலைக்குப் போவுதுன்னு பாப்போம்."

பாத்தியில் ஒரு வகுப்பு

க்ளாரா நிஜமாகவே போனார். வெறுங்காலோடு கால் மணி நேரம். ஆடி ஆடிப் புண்ணாகியிருந்த விரல்களில் உப்புத் தண்ணீர் ஏறியதும் வரப்பில் உட்கார்ந்துவிட்டார். அஞ்சலைதான் நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டாள்.

மறுநாள் தொண்டு நிறுவன மேனேஜரிடம் க்ளாரா சண்டை போட்டார். பிள்ளைகளுக்கு ரோஸ் கலர் பாலே ஷூ வேண்டாம், உப்பளப் பெண்களுக்கு ரப்பர் பூட்ஸ் வாங்குங்கள் என்றார். மேனேஜர் ஃபைலைப் புரட்டிவிட்டுச் சொன்னார்: "பூட்ஸ் டான்ஸ் கணக்குல வராதுங்க மேடம்."

விருந்தாளிகள்

நிதி கொடுத்தவர்கள் கேமராவோடு வந்தார்கள். "பாலே உனக்கு என்ன கொடுத்தது?" என்று ஒருவர் செல்வியைக் கேட்டார். அவள், "இன்னும் ஒண்ணும் குடுக்கல. அம்மாக்கு பூட்ஸ் குடுத்தா நல்லாருக்கும்" என்றாள். மேனேஜர் என் காதருகே, "சந்தோஷமா இருக்காளாம்னு சொல்லும்மா" என்றார். ஆனாலும் அவள் சொன்னதைச் சொன்னபடியே இங்கிலீஷில் சொன்னேன்.

பதினைந்து நாளில் பூட்ஸ் வந்தது, எனக்கு வேலை போனது. மேனேஜர் காரணமும் சொன்னார்: "உங்களுக்கு டிரான்ஸ்லேஷன் இன்னும் சரியா வரலம்மா."

பாலேயின் ஐந்து நிலைகளையும் சுத்தத் தமிழில் சொல்லத் தெரிந்த வேலையில்லாப் பட்டதாரி வானூர் தாலுகாவில் நான் ஒருத்தி மட்டுமே என்பதால், அந்தத் துறையில் எனக்குப் போட்டியே கிடையாது.