ஐந்து பெட்டிகளும் என் இடக்காதும்

என் இடக்காது கேட்காமல் போய்ப் பதினான்கு மாதமாகிறது. யாரிடமும் சொல்லவில்லை. கூக்கால் மலைக்கிராமத்தில் எங்கள் வீட்டிலிருந்து பூண்டுக் காட்டுக்கு நானூற்றுப் பன்னிரண்டு தப்படி. தினமும் விடியற்காலையில் தனியாகப் போய்வருவேன். பக்கத்துக் காட்டுக்காரரைக் காட்டுமாடு முட்டிச் சாய்த்த பிறகு மகள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

"மாடு எந்தப் பக்கம் மூச்சு விடுதுன்னு தெரியிற வரைக்கும் போங்கப்பா. தெரியலேன்னா வீட்டோட கெடங்க."

இந்த நேரம் பார்த்து மருமகன் டிவிக்குச் சரவுண்டு சவுண்டு செட் வாங்கினார். மாட்ட வந்தவர் கொடைக்கானல் பஜாரில் கடை வைத்திருக்கும் பாய். முன்னால் மூன்று ஸ்பீக்கர் பெட்டி, பின்னால் இரண்டு, அதிர்வுக்கு மூலையில் தனியாக ஒன்று. நடு நாற்காலியில் என்னை உட்காரவைத்தார்.

"ஒவ்வொரு பெட்டியா இரையும் ஐயா. எங்கேருந்து வருதுன்னு கையக் காட்டுங்க. பகலெல்லாம் படம் பாக்கப் போறது நீங்கதானே?"

"பாக்கவா? அப்பா தூங்குறதுக்கு இத்தன பெட்டி," என்றாள் மகள். சொல்லிவிட்டு எதிரே நின்று என்னையே பார்த்தாள்.

ஒரு காதுக்குச் சத்தம் கேட்கும், திசை தெரியாது. இந்தப் பெட்டிகளைச் செய்கிற கம்பெனிக்காரர்கள் இரண்டு காது உள்ளவனை நினைத்தே செய்கிறார்கள். ஆனால் செட்டோடு வந்த கையேட்டை நான் மூன்று முறை படித்திருந்தேன். சோதனைச் சத்தத்தின் வரிசை மாறாது: முன் இடம், நடு, முன் வலம், பின் வலம், பின் இடம்.

தகரத்தில் மழை பெய்வதுபோல் இரைந்தது. எண்ணிக்கொண்டே கை காட்டினேன். ஒன்று. இரண்டு. மூன்று. நான்காவதற்கு வலப்பக்கம் பின்னால் காட்டினேன். ஐந்தாவதற்கு இடப்பக்கம்.



"நாலாவது எடப்பக்கமில்ல இரைஞ்சுச்சு?" என்றாள் மகள்.

பாய் பின்சுவரோரம் குனிந்து பார்த்தார். "நாந்தான் பின்னாடி ஒயர மாத்திச் சொருகிட்டேன். ஐயா காட்டுன எடத்துலதான் வந்திருக்கணும். ஆனா வரலையே. எப்படிக் காட்டுனீங்க?"

அவர் வயரைக் கழற்றத் தொடங்கினார். மகள் வந்து என் இடப்புறம் நின்றாள். அவள் ஏதாவது சொன்னாளா என்று திரும்பிப் பார்க்கத் துணிவில்லை.

மறுநாள் நான் மண்வெட்டியை எடுக்குமுன் அவள் செருப்பு மாட்டி நின்றாள்.

"எந்தப் பக்கம் நடக்கட்டும்?"

எரிச்சலை விழுங்கிக்கொண்டு இடப்பக்கத்தைக் காட்டினேன்.